இடப்பக்கத்துச் சிவப்பு

ஜனவரி 12, ஞாயிறு

மூன்று தரமும் சிவப்பு. எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதத்தான் போகிறேன்.

மாவட்ட வலுத்தூக்கல் போட்டி, பெண்கள் பிரிவு, ஸ்குவாட். விதி எனக்குத் தெரியாததல்ல. இரும்புப் பாரைத் தோளில் வைத்துக்கொண்டு குந்த வேண்டும், இடுப்பின் மடிப்பு முழங்காலைவிடக் கீழே போக வேண்டும், பிறகு எழும்ப வேண்டும். முன்னால் ஒரு நடுவர், இரண்டு பக்கமும் ஒவ்வொருவர். இரண்டு பேராவது வெள்ளை லைற் போட்டால்தான் கணக்கு. எனக்கு ஒவ்வொரு தரமும் ஒரு வெள்ளை, இரண்டு சிவப்பு. ஸ்குவாட்டில் மூன்று தரமும் பிழைத்தால் மற்ற இரண்டு வகைத் தூக்கலுக்கும் இடமில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நெல்லியடிக்கு பஸ் ஏறினேன்.

நூறு கிலோ! தபால் கந்தோரில் முத்திரை விற்கிற முப்பத்தொன்பது வயதுக்காரி நூறு கிலோவோடு குந்தி எழும்பினாள் என்று மண்டபமே கை தட்டியது. வலப்பக்கம் இருந்த ஐயா மூன்று தரமும் வெள்ளை போட்டார். இடப்பக்கம் இருந்தவர் மூன்று தரமும் சிவப்பு. யார் அந்த இடப்பக்கம்? உதயகலா மச்சாள். என் கணவர் கஜீபனுடைய சொந்த அக்கா! தெல்லிப்பழைப் பக்கம் விளையாட்டு ரீச்சர், நடுவர் சோதனை பாஸ் பண்ணியவர். நடுவிலை இருந்த மனிசனையும் அவதான் கெடுத்திருப்பா.

என்னைப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்தே அவவுக்கு நான் காணாது.

ஜனவரி 13, திங்கள்

கஜீபன் எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இறங்கியிருக்கிறேன். கண் உள்ள எவருக்கும் தெரியும். கஜீபனுக்கு மட்டும் தெரியவில்லை. மனைவிக்கும் அக்காவுக்கும் நடுவில் அகப்பட்ட ஆணுக்குக் கண் தெரியாமல் போவது வழக்கம்தான்.

மத்தியானம் கந்தோரில் சனம் இல்லாத நேரம் பார்த்து வீடியோவைக் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் போட்டேன். ‘நீங்களே சொல்லுங்கோ’ என்று ஒரு வரி. கனடாவிலிருந்து பெரியமாமா முதலாவது வெள்ளை போட்டார். லண்டன் சின்னமாமி பின்னாலேயே வந்தார். சுவிஸிலிருக்கும் ஒன்றுவிட்ட தம்பி, வாழ்நாளில் ஒரு அரிசி மூட்டை தூக்காதவன், ‘அப்பட்டமான அநியாயம்’ என்று எழுதி ஒரு பத்தி விளக்கமும் கொடுத்தான். பின்னேரம் கந்தோர் பூட்டுவதற்குள் நான் உலகச் சாம்பியன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உதயகலா மச்சாள் குறூப்பை விட்டு விலகியிருந்தார். ஒரு சொல் இல்லை, கோபமான முகப் படம்கூட இல்லை. கஜீபன் சாப்பிட்டுக்கொண்டே, நீர் உதைப் போட்டிருக்கத் தேவையில்லை என்றார். அப்படியென்றால் உங்கடை கொக்கா அந்தச் சிவப்பைப் போட்டிருக்கத் தேவையில்லை என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

மச்சாள் வரவில்லை. எந்தப் பொங்கலுக்கும் வராமல் விட்டதில்லை. எங்களோடு இருக்கிற மாமி, மகளை எதிர்பார்த்து ஒழுங்கையைப் பார்த்தபடியே பொங்கினார். பிறகு ஒரு வாளியில் பொங்கலைப் போட்டுக் கஜீபனிடம் கொடுத்துவிட்டார். தெல்லிப்பழைக்குப் போய்த் திரும்பியவர் வெறும் வாளியும் ஒரு செய்தியும் கொண்டுவந்தார். என்னைக் கணுக்காலைப் பார்க்கச் சொல்லச் சொன்னாராம் மச்சாள்.

கணுக்காலாம். நான் என்ன கணுக்காலாலையோ குந்துறன்? சிவப்புப் போட்டது காணாதெண்டு வைத்தியமும் சொல்லுறா.

மாமியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை என்று எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஜிம்முக்குப் போனேன். இரும்புக்கடைக்கு மேல் மாடியில் செந்தூரன் நடத்துகிற ஜிம். என்னைவிட வயது குறைந்த பயிற்றுநர். அக்கா அக்கா என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே ஆளை வறுத்தெடுப்பான். அவன் நல்ல செய்தி சொன்னான். பெண்கள் பிரிவில் ஆள் காணாததால் மாவட்டத்தில் தோற்றவர்களும் மாகாணப் போட்டிக்குப் பதியலாமாம். மார்ச் 23. அங்கே முதல் இரண்டு இடமும் வருபவர்கள் கொழும்புக்கு, தேசியப் போட்டிக்கு.

அடுத்த வருடம் எனக்கு நாற்பது. அதன் பிறகு மூத்தோர் பிரிவு. இருபத்திரண்டு வயதுப் பெட்டைகளோடு ஒரே மேடையில் நின்று கொழும்பு போக வேண்டும் என்றால் இந்த மார்ச்தான். போவேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடுவர் கதிரையில் யார் இருந்தாலும் போவேன்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

எங்கள் ஜிம்மில் ஸ்குவாட் செய்கிற இடத்துக்கு வலப்பக்கம் யன்னல். யன்னல் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்துத்தான் எல்லோரும் வீடியோ எடுப்போம். கஜீபனும் போட்டியன்று வலப்பக்கப் பார்வையாளர் கதிரையில் இருந்துதான் எடுத்தார், அங்கே காற்றாடி இருந்ததால். இன்று யன்னலுக்குப் பெயின்ற் அடித்திருந்தார்கள். வைக்க இடமில்லாமல் போனை இடப்பக்கம் பாரப் பிளேற் அடுக்கில் சாய்த்தேன்.

பார்த்தேன். ஒருதரம் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு செந்தூரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் என்னைச் சுவரடிக்குக் கூட்டிப்போய், பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை அகலம் விட்டு, குதிக்கால் கிளம்பாமல் முழங்காலைச் சுவரில் தொடச் சொன்னான். வலது முழங்கால் போய்த் தொட்டது. இடது முழங்கால் பாதி வழியில் நின்றுவிட்டது. தள்ளினால் குதிக்கால் கிளம்புகிறது.

முந்தி ஒருதரம் வல்லை வெளி வீதியில் நாய் குறுக்கே பாய்ந்து ஸ்கூட்டியோடு விழுந்தேனே, அந்தக் கால். எண்ணெய் போட்டுக் கட்டினோம், வீக்கம் வற்றியது, மறந்துபோனேன். கால் மறக்கவில்லை. கணுக்கால் மடங்காததால் கீழே போகும்போது உடம்பு தானாகவே வலப்பக்கம் சாய்ந்து ஒதுங்குகிறது. வலப்பக்கம் ஆழமாக இறங்குகிறது, இடப்பக்கம் மேலே நிற்கிறது. வலப்பக்கம் இருந்த ஐயா கண்டதும் உண்மை. இடப்பக்கம் இருந்த மச்சாள் கண்டதும் உண்மை.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் இடப்பக்கமே தெரியவில்லை.

ஜனவரி 27, திங்கள்

மச்சாள் சொன்னது சரி. சொன்ன விதம் பிழை. ஒரு சொல் நேரே சொல்லியிருக்கலாம்தானே?

எப்படி நேரே சொல்லுவா, நான் கனடாவிலை இருந்து தீர்ப்பு வாங்கின பிறகு?

பெப்ரவரி 2, ஞாயிறு

நாலைந்து நாளாகப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இன்று காலை தேத்தண்ணி குடித்துவிட்டு, யோசிக்காமல், இடப்பக்க வீடியோவைக் குறூப்பில் போட்டேன். ‘மச்சாள் போட்ட சிவப்புச் சரி. நான் இறங்கேல்லை. பிழை என்னுடையது’ என்று எழுதினேன். எழுதும்போது முகம் சுட்டது.

வெள்ளை போட்டவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் கனடாப் பெரியமாமா மட்டும், கமெராக் கோணம் பிழையாக இருக்கலாம் என்று எழுதினார். மனிதருக்குத் தோல்வியே பிடிக்காது. நான் இந்தக் குடும்பத்துக்கு ஏற்ற மருமகள்தான்.

ஆனால் யாருக்காகப் போட்டேனோ அவர்தான் குறூப்பில் இல்லை. போன் எடுத்துக் கதையும் என்றார் கஜீபன். எடுக்கவில்லை. என்ன சொல்வது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்திடம் போய் மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று அந்தப் பழமொழியில் இல்லை.

பெப்ரவரி 5, புதன்

வெறும் பார். வெறும் பாரோடு குந்தினேன். வெட்கம்.

பெப்ரவரி 11, செவ்வாய்

எல்லாப் பிளேற்றையும் கழற்றினது செந்தூரனுக்குக் காணாது. இனிமேல் ஜிம்முக்கு வந்ததும் நேரே பாருக்குக் கீழே போகக் கூடாதாம். உடம்பைச் சூடாக்க இத்தனை காலம் நான் செய்த வோம்-அப் என்ன? இரண்டு தரம் கையை வீசுவது, முழங்காலில் சித்தாலேபத் தைலம் பூசுவது, பாரம் ஏற்றுவது. உடம்பு எரிந்தால் சூடாகிவிட்டது என்று நினைத்திருக்கிறேன். தைலம் தோலைத்தான் சுடவைக்கும் அக்கா, மூட்டு அதை அறியாது என்றான்.

இப்போது முதலில் ஸ்கிப்பிங் கயிறு அடித்து வியர்க்க வேண்டும். பிறகு கெண்டைக்காலைப் போத்தலின் மேல் வைத்து உருட்ட வேண்டும். அந்த நோவை எழுத நல்ல வார்த்தை கிடையாது. பிறகு சுவரில் முழங்கால், முன்னும் பின்னும், அவசரப்படாமல். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அடிவரை குந்தி, அங்கேயே இருந்து, இடதும் வலதுமாக அசைய வேண்டும். அதன்பிறகு வெறும் பார். கீழே போய் நின்று, மூச்சு விட்டு, எழும்ப வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஒரு சின்னப் பிளேற் தருவான். பக்கத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிய பெட்டை எண்பது கிலோவோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் சிரிக்கவில்லை. ஆனால் கீழே போய் நிற்கும்போது, முதல் தடவையாக, இரண்டு பாதமும் ஒரே மாதிரி நிலத்தில் இருப்பதை உணர்ந்தேன். இடது குதிக்கால் நிலத்தை விடவில்லை. என் கால் எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி ஒரு சந்தோசம்.

பெப்ரவரி 20, வியாழன்

குசினியில் தண்ணீர் கொதிக்கும்வரை சுவரில் முழங்கால் வைக்கிறேன். கந்தோரில் கவுண்டருக்குப் பின்னால் ஆள் இல்லாத நேரம் குந்தி இருக்கிறேன். இன்று பென்சன் எடுக்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன பிள்ளை முத்திரை விழுந்துபோச்சோ என்று கேட்டார். ஓம் என்றேன்.

மாமி குசினிச் சுவரில் பதிந்த முழங்கால் அடையாளத்தைப் பார்த்தார். என்ன செய்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். “உதயாவும் உப்பிடித்தான் பிள்ளை, கால் முறிஞ்சு கிடந்து எழும்பேக்கை மூண்டு மாசம் சுவரோடைதான் நிண்டவள்” என்றார்.

மச்சாள் பள்ளிக்கூடக் காலத்தில் உயரம் பாய்ந்தவர் என்று தெரியும். ஏன் விட்டார் என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

மார்ச் 4, செவ்வாய்

தொண்ணூறு. இரண்டு பக்கமும் போன் வைத்து எடுத்தேன். இரண்டு பக்கமும் சரி. இன்று இரண்டு றாத்தல் பாண் தனியாகச் சாப்பிடக்கூடிய பசி.

மார்ச் 10, திங்கள்

மாகாணப் போட்டியிலும் உதயகலா மச்சாள் நடுவராம். செந்தூரன் போனில் குரலைத் தணித்துச் சொன்னான். “அக்கா, சொந்தக்காரர் நடுவராய் இருக்கக்கூடாது எண்டு ஒரு பெட்டிசம் போட்டால் அவவை விலத்திப்போடலாம். அந்தக் கதிரைக்கு என்ரை சித்தப்பாதான் வருவார். அவர் ஆருக்கும் சிவப்புப் போட்டதில்லை.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன், பொய் சொல்லவில்லை. கணுக்கால் இன்னும் முழுதாக இளகவில்லை, விடிய எழும்பினால் மரக்கட்டை. பாரம் கூடக்கூடப் பழைய மாதிரி வலப்பக்கம் ஒதுங்கப் பார்க்கிறது. சித்தப்பா இருந்தால் கொழும்பு கையில். கஜீபன் தன் பாட்டில் பல்ப் மாற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டால் கண் தெரியாது.

செந்தூரனுக்குப் போன் எடுத்தேன்.

“வேண்டாம். மச்சாள் இருக்கட்டும். எனக்கு அவவின்ரை வெள்ளைதான் வேணும்.”

அவன், அப்ப நாளைக்கு நேரத்தோடை வாங்கோ என்றான்.

மார்ச் 22, சனி

சப்பாத்து, பெல்ற், துவாய், கயிறு, போத்தல், வாழைப்பழம். பயம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

சரியான களைப்பு. முழுவதும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

எட்டு மணிக்குப் போட்டி என்று போட்டிருந்தார்கள். பிரதம விருந்தினர் வரும்போது பத்து. மங்கள விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. போட்டியாளர்களை முன்வரிசையில் வரிசையாக இருத்திவிட்டார்கள். ஜனவரியிலும் இப்படித்தான், விடிய சூடாக்கிய உடம்பு உரை முடிவதற்குள் ஆறிப் போயிருந்தது. மரியாதைக்கு அசையாமல் இருந்தேன். இன்று இரண்டாவது வாழ்த்துரைக்கு நடுவில் எழும்பி நடந்து வெளியே போய்விட்டேன். பின்னால் யாரோ, தபால் கந்தோர்ப் பிள்ளைக்குத் திமிர் என்றார்கள். ஓம், திமிர்தான். மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கிச் சுவரில் முழங்காலை வைத்து, வியர்க்க வியர்க்கக் கயிறு அடித்தேன்.

எல்லாம் சரியாக வந்த நேரம் ஒருவர் ஓடிவந்து, பிரதம விருந்தினரோடு எல்லாரும் படம் எடுக்க வேணும் என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார். படம் எடுத்தார்கள், இன்னொரு கமெராவுக்கும் எடுத்தார்கள், அவர் மகனுடைய போனுக்கும் எடுத்தார்கள். அதிலிருந்து நேரே மேடைக்கு என் பெயர்.

தொண்ணூற்றைந்து. இறங்கினேன், எழும்பினேன். வெள்ளை, வெள்ளை, சிவப்பு. இரண்டு வெள்ளை, கணக்கில் சேர்ந்துவிட்டது. செந்தூரன் துள்ளினான். நான் இடப்பக்கம் பார்த்தேன். மச்சாள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் ஒன்றும் இல்லை.

இடப்பக்க வீடியோவைக் காட்டு என்றேன். சரியாகப் போச்சு அக்கா, அதை ஏன் இப்ப என்றான். காட்டச் சொன்னேன். ஒரு விரல் அகலம் மேலே. ஆறிய கணுக்கால்.

அடுத்ததுக்கு நூற்றைந்து கொடுப்போம், இரண்டாமிடம் உறுதி என்றான். சரியான கணக்குத்தான். நான் தொண்ணூற்றேழரை என்றேன், கூட்டக்கூடிய மிகக் குறைந்த பாரம். என்னை ஒரு விசரியைப் பார்ப்பது போலப் பார்த்தான். கொழும்பு போகாமல் விட்டாலும் போச்சுது, அந்தப் பக்கத்திலும் வெள்ளை விழ வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. என் முறை வரும்வரை மேடைப் படிக்கட்டிலேயே குந்தி, இடது முழங்காலை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தேன். படம் எடுப்பவர் இன்னொருதரம் வந்தார். நான் பார்த்த பார்வையில் போய்விட்டார்.

இறங்கினேன். இரண்டு பாதமும் நிலத்தில். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய், எழும்பினேன்.

மூன்றும் வெள்ளை.

பாரைத் தாங்கியில் வைத்துவிட்டு அழுதுவிட்டேன். நான் அழுகிற ஆள் இல்லை. மூன்றாவதுக்கு நூற்றைந்து, அதுவும் மூன்று வெள்ளை, அதற்கு அழவில்லை. மற்ற இரண்டு வகைத் தூக்கலிலும் ஒன்றும் பிழைக்கவில்லை. மொத்தத்தில் இரண்டாமிடம். முதலாமிடம் அந்த எண்பது கிலோச் சிரிப்புப் பெட்டைக்கு, இன்று அவள் நூற்றிருபது. அவளுக்கு இருபது வயது. என் பக்கத்தில் நின்று படமெடுக்கப் பயந்தாள்.

வெளியே தண்ணீர்ப் பைப்படியில் மச்சாள் முகம் கழுவிக்கொண்டிருந்தார். போய் நின்றேன். ஜனவரிக்குப் பிறகு முதல் சொல்லை அவர்தான் சொன்னார்.

“முதலாவது காணாது. மற்றது இரண்டும் நல்லம்.”

“ஓம் மச்சாள், பாத்தனான்.” பிறகு எப்படியோ வாயில் வந்தது. “உங்களைக் குறூப்பிலை இழுத்தது பிழை. எனக்கு வெக்கமாயிருக்கு.”

துவாயால் முகத்தை மெதுவாகத் துடைத்தார். “அம்மா காட்டினவ, நீர் பிறகு போட்டதை” என்றார். அவ்வளவுதான். பிறகு போய்விட்டார்.

மன்னித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது பதக்கத்தைக் கஜீபன்தான் போட்டுக்கொண்டு வந்தார்.

மார்ச் 31, திங்கள்

தேசியப் போட்டி மே மாதம். செந்தூரனுக்கு அந்தக் கிழமை தங்கச்சியின் கலியாண வீடு, கொழும்பு வர ஏலாதாம். மேடைக்குப் பின்னால் வோம்-அப் பார்த்து, நேரம் பார்த்து, பிளேற் ஏற்றித் தர ஒரு ஆள் வேண்டும். கஜீபன் தான் வருவதாகச் சொல்கிறார். அவர் வலப்பக்கத்தில் காற்றாடிக்குக் கீழே இருப்பார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பின்னேரம் கேற் திறக்கிற சத்தம் கேட்டது. மாமி எழும்பிப் போன வேகத்திலேயே யார் என்று தெரிந்துவிட்டது. மச்சாள் ஒரு பை நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுவந்திருந்தார். கதிரையில் இருக்கவில்லை. நேரே குசினிக்குள் போய்ச் சுவரில் இருந்த அடையாளத்தைப் பார்த்தார், என்னைக் காலை வைக்கச் சொன்னார். வைத்தேன். முழங்கால் சுவரைத் தொட்டது. குனிந்து, குதிக்காலுக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை.

தேத்தண்ணி குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்.

“கொழும்புக்கும் நடுவராய்க் கூப்பிட்டவை. ஏலாது எண்டிட்டன்.”

“ஏன் மச்சாள்? உங்களுக்கு அது எவ்வளவு பெரிய இடம்.”

“நான் கதிரையிலை இருந்தால் உம்மடை வோம்-அப்பை ஆர் பாக்கிறது?”

மாமி அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் திரும்ப ஒரு பக்கம் தேவைப்பட்டது.

ரெயினுக்கு இரண்டு இடம் பதிந்தாயிற்று. யன்னல் பக்கம் யாருக்கு என்று மச்சாளுக்கும் எனக்கும் இப்போதே சண்டை.